உங்க ஊர்ல உசரமான கட்டடம் எது ஸார்?

கையில் ஒரு சின்ன அட்டையைக் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு பென்சில், ஒரு தாள். அட்டையில் நாலைந்து வரி ஆங்கிலம். 'உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடித்த, அல்லது பிடிக்காத, ஓர் உயரமான கட்டடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறது? எதற்குப் பயன்படுகிறது? பார்க்க எப்படி இருக்கும்? ஏன் பிடிக்கும் அல்லது பிடிக்காது?'

யோசிக்க ஒரே ஒரு நிமிஷம். அப்புறம் ஒன்றிலிருந்து இரண்டு நிமிஷம் வரை நீங்கள் பாட்டுக்கு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போகவேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதிகம் வாய் திறக்க மாட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில் வருங்கால மாமனார் பார்ப்பாரே, அந்த மாதிரி ஒரு பார்வை. மேஜை மேல் நீங்கள் பேசுவதைப் பதிவு செய்துகொண்டு ஒரு ரெக்கார்டர்.

இதுதான் ஐயெல்ட்ஸ் தேர்வின் பேச்சுப் பகுதி. கனடாவோ, ஆஸ்திரேலியாவோ, லண்டனோ, படிப்போ, வேலையோ... பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நம் பையன்களில் பாதிப் பேர் இந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும். மொத்தம் 11லிருந்து 14 நிமிஷம். முதலில் நாலைந்து நிமிஷம் உங்களைப் பற்றி. நடுவில் இந்த அட்டை. கடைசியில் அதே விஷயத்தை ஒட்டி ஒரு வாக்குவாதம். அட்டையில் வருகிற தலைப்புகள் அவ்வப்போது மாறும். உயரமான கட்டடம், பல பேரைக் கவிழ்த்துவிட்ட ஒரு தலைப்பு.

கவிழ்ப்பதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? பெண்ணாடத்தில் இருந்து பாருங்கள், தெரியும். விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே, திருச்சி ரயில் பாதையில் இருக்கிற ஊர். அங்கே எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். பி.காம்., ஆபீஸ் வேலை, கண்ணில் கனடா. போன மாதம் டீக்கடை பெஞ்சில் மாட்டிக்கொண்டார்.

"நம்ம ஊர்ல உயரமா என்னண்ணே இருக்கு? தண்ணி டேங்க்தான் இருக்கு. அதான் புர்ஜ் கலிபாவை மனப்பாடம் பண்ணிட்டேன்."

"எங்க, சொல்லு பார்ப்போம்."

சொன்னார். உலகத்திலேயே உயரமான கட்டடம். துபாயில் இருக்கிறது. 828 மீட்டர். 163 மாடி. 2010 ஜனவரியில் திறந்தார்கள். எல்லாம் கரெக்ட்! ஆனால் இருபத்தைந்தாவது விநாடியில் வண்டி நின்றுவிட்டது. மீதி ஒன்றரை நிமிஷத்துக்கு டீக்கடை ரேடியோதான் பேசியது.

"உள்ள போயிருக்கியா?"

"நீங்க வேற! மெட்ராஸ் ஏர்போர்ட்டையே வெளிய நின்னுதாண்ணே பார்த்திருக்கேன்."

அங்கேதான் கோளாறு. அட்டை 'உங்கள் ஊரில்' என்று கேட்கிறது. தம்பி துபாய்க்குப் போய்விட்டார். விசா இல்லாமலே!

அவருக்கு ஒரு சந்தேகம், உங்களுக்கும் இருக்கலாம். பெரிய கட்டடமாகச் சொன்னால் பெரிய மார்க் கிடைக்காதா? கிடைக்காது. நானும் காமர்ஸ் படித்தவன்தான், நம் பாஷையிலேயே சொல்கிறேன். பேச்சுக்கு மார்க் போட நாலே நாலு கணக்குத் தலைப்புகள். தடங்கல் இல்லாமல் கோர்வையாகப் பேசுகிறீர்களா என்பது ஒன்று. வார்த்தை வளம் ஒன்று. இலக்கணம் ஒன்று. உச்சரிப்பு ஒன்று. நாலுக்கும் சம பங்கு. இதில் 'கட்டடத்தின் உயரம்' என்று ஒரு தலைப்பே கிடையாது. நீங்கள் சொன்ன வருஷம் சரியா, அடிக்கணக்கு சரியா என்று யாரும் ஆடிட் செய்யப் போவதும் இல்லை.

அப்படியானால் வாயில் வந்ததை அடித்துவிடலாமே? தாராளமாக. ஆனால் பொய் சொல்வதே கஷ்டம். அதை ஆங்கிலத்தில் சொல்வது இரட்டைக் கஷ்டம். ஒரு மூளை பொய்யைத் தயார் பண்ணவேண்டும், இன்னொரு மூளை இலக்கணத்தைக் கவனிக்கவேண்டும். நம்மிடம் ஸ்டாக் ஒன்றுதானே?

மனப்பாடத்தின் கதையும் அதுதான். பரீட்சை நடத்துகிறவர் ஒரு நாளில் எத்தனையோ பேரைக் கேட்கிறவர். ஒப்பிக்கிற குரல் அவருக்குத் தெரிந்துவிடும். அதுவரை திக்கித் திக்கிப் பேசிய ஆள், அட்டையைக் கொடுத்ததும் திடீரென்று செய்தி வாசிப்பவர் மாதிரி முழங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மூன்றாம் பகுதியில் இரண்டு 'ஏன்' கேட்டால் முழக்கம் அடங்கிவிடும்.

இது சும்மா தமாஷ் இல்லை. பரீட்சைக் கட்டணம் பதினைந்தாயிரத்தைத் தாண்டியாகிவிட்டது. வாங்கிய மார்க்குக்கு ஆயுசு இரண்டு வருஷம்தான். லண்டன் பக்கம் நர்ஸ் வேலைக்குப் போக, பேச்சில் 7 வேண்டும் என்கிறார்கள். ஆறரை வாங்கினால் மறுபடி பணம் கட்டவேண்டியதுதான். நம் தம்பியின் ஒரு மாதச் சம்பளம் அதில் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. டீக்காசை நான் கொடுத்தேன் என்பதோடு விட்டுவிடுங்கள்.

"சரிண்ணே, புர்ஜ் வேணாம். தண்ணி டேங்கையா சொல்றது?"

திரும்பிப் பார்க்கச் சொன்னேன். பிரளயகாலேஸ்வரர் கோயில்! தேவாரத்தில் இந்தக் கோயிலுக்குப் பேரே 'தூங்கானை மாடம்'. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். கருவறையும் அதன் மேல் விமானமும் ஒரு யானை படுத்துத் தூங்குகிற மாதிரி, பின்பக்கம் வளைவாக இருக்கும். சாதாரணக் கோயில்களில் பின்சுவர் நேராக ஓடும். இங்கே அது யானையின் பின்புறம் போல உருண்டு திரும்பும். இதே ஜாதிக் கட்டடத்தை மாமல்லபுரத்திலும் பார்க்கலாம். சகாதேவ ரதம் என்பார்கள், பக்கத்திலேயே ஒரு கல் யானையும் நிற்கும். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வசதியாக!

"பார்க்க எப்படி இருக்கும்?" என்று அட்டை கேட்கிறது. 'இட் இஸ் ஷேப்ட் லைக் எ ஸ்லீப்பிங் எலிஃபண்ட்.' ஏழே வார்த்தை. ஊர் உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டடத்தைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் சொல்லமுடியும்? கண்ணாடி, கண்ணாடி, இன்னும் கொஞ்சம் கண்ணாடி என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்புறம் நந்தி. எல்லா ஊரிலும் சாமியைப் பார்த்துப் படுத்திருக்கும். பெண்ணாடத்தில் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பிரளய வெள்ளம் ஊருக்குள் வந்தபோது, 'திரும்பி அதைத் தடுத்து நிறுத்து' என்று ஈஸ்வரன் சொன்னதாகவும், திரும்பிய நந்தி அப்படியே இருந்துவிட்டதாகவும் கதை. இதைச் சொல்லவே அரை நிமிஷம் ஆகும். கதை சொல்லும்போது இறந்தகாலம் தானாக வந்து விழும். இப்போது இருப்பதைச் சொல்லும்போது நிகழ்காலம். இலக்கணக் கணக்கில் இரண்டு வரவு!

ஊர்ப் பேரிலும் சரக்கு இருக்கிறது. தேவலோகப் பெண்கள், ஆ என்கிற பசு, கடம் என்கிற யானை, மூவரும் வழிபட்டதால் 'பெண்ணாகடம்' என்று தலபுராணம் சொல்கிறது. சின்ன வயசில் பாட்டி கூட்டிக்கொண்டு போனது, பிரதோஷத்துக்குச் சுண்டல் வாங்கியது, பரீட்சை சமயத்தில் மட்டும் பக்தி பெருகியது... இதையெல்லாம் சேர்த்தால் பரீட்சைக்காரரே 'தேங்க்யூ' சொல்லி நிறுத்தவேண்டி வரும். அப்படி நடுவில் நிறுத்தினால் பயப்படாதீர்கள். இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது என்று அர்த்தம், ஃபெயில் என்று இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் கொட்டும்போது, 'கருவறைக்கு மேலே விமானம் இருக்கிறது' என்பதை 'தேர் இஸ் அன் ஏரோப்ளேன்' என்று சொல்லித் தொலைக்கக்கூடாது. 'டவர்' போதும்.

'கோயிலைக் கட்டடம் என்று சொல்லலாமா?' என்று கேட்டார் தம்பி. தாராளமாகச் சொல்லலாம். சிதம்பரத்துக்காரர்கள் ஏழு நிலை கோபுரம் நாலையும், அவற்றின் உள்வழியில் செதுக்கியிருக்கும் 108 நடனக் கரணங்களையும் சொல்லட்டும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் கவலையே இல்லை. 13 நிலை, 236 அடி. ராஜகோபுரம் முழுமையானது 1987ல்தான். தஞ்சாவூர்க்காரர்கள் 1010ஆம் வருஷத்திலிருந்தே கவலையில்லாதவர்கள். ஆனால் நிழல் தரையில் விழாது என்று மட்டும் சொல்லவேண்டாம். விழுகிறது!

சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம். பழைய சினிமாவில் ஹீரோ கிராமத்திலிருந்து பட்டணம் வந்தால் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடுத்து அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார். 177 அடிதான். புர்ஜ் கலிபாவின் இடுப்புக்குக்கூட வராது. முழங்காலுக்கே சந்தேகம். ஆனால் கதை இருக்கிறது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக 1953ல் வேலையை ஆரம்பித்தார். மறு வருஷமே சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார். 1956ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமாகி, பாதிக் கட்டடம் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 1959ல் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். அன்றைக்கு இந்தியாவிலேயே உயரம் அதுதான். 1975ல் பெரிய தீ விபத்து. எரிந்தும் நின்றது. கட்ட நினைத்தவர் பார்க்காமலே போன கட்டடம்! இதைச் சொன்னால் எந்த ஊர்ப் பரீட்சைக்காரரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

'பிடிக்காத' கட்டடம் என்றும் அட்டையில் இருக்கிறதே, அதை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. எல்லாவற்றையும் புகழ்ந்தே பழகிவிட்டோம். 2014 ஜூன் 28ஆம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 'அன்றிலிருந்து எனக்கு உயரக் கட்டடம் என்றாலே பயம்' என்று ஒருவர் மனசிலிருந்து பேசினால், அதுவும் நல்ல பதில்தான்.

யோசிக்கக் கொடுக்கிற ஒரு நிமிஷத்தில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். 'யானை, நந்தி, வெள்ளம், பாட்டி, சுண்டல்' என்று ஐந்து வார்த்தை போதும். மளிகை லிஸ்ட் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் இருபது, இருபத்தைந்து விநாடி. 'தி டெம்பிள் இஸ் ஹேவிங்' என்று ஆரம்பிக்கிற நம் தேசியப் பழக்கத்தை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு, 'ஹேஸ்' என்று சொல்லுங்கள். 'வெரி வெரி பிக்' என்று இரண்டு தடவை சொன்னால் கட்டடம் வளராது. 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றால் பிரிட்டிஷ்காரருக்கும் நமக்கும் மாடி, அமெரிக்கருக்குத் தரைத்தளம். எதைச் சொன்னாலும் கடைசிவரை அதையே சொல்லுங்கள்.

இனி மூன்றாம் பகுதி. 'நகரங்களில் ஏன் உயரமான கட்டடங்கள் கட்டுகிறார்கள்?' என்பார்கள். சென்னையில் ஒரு கிரவுண்டு விலையைக் கேட்டவருக்குப் பதில் தன்னால் வரும். இடம் பக்கவாட்டில் கிடைக்காவிட்டால் மேலே போகவேண்டியதுதான். ஆனால் மேலே போக இரண்டு விஷயம் தேவைப்பட்டது. ஒன்று லிஃப்ட். 1854ல் எலிஷா ஓடிஸ் நியூயார்க் பொருட்காட்சியில், தானே தட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். தட்டு விழவில்லை. ஜனங்களுக்குத் தைரியம் வந்தது. இன்னொன்று இரும்புச் சட்டம். பாரத்தைச் சுவர் தாங்காமல் சட்டம் தாங்கிக்கொள்ளும் முறையில் சிகாகோவில் 1885ல் பத்து மாடி எழுந்தது. அதே சிகாகோவில் 1973ல் 110 மாடி சியர்ஸ் டவரை உச்சிக்குக் கொண்டுபோன இன்ஜினீயர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். டாக்காவில் பிறந்தவர்!

'தனி வீடு நல்லதா, அடுக்குமாடி நல்லதா?' இதுவும் வரும். இதற்கு டீக்கடையிலேயே ஒத்திகை பார்த்தோம். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எங்கள் வீடு ஓட்டு வீடு. மழைக்கு ஒழுகும். ஆனால் திண்ணை உண்டு. சாயங்காலம் அப்பா அங்கே உட்கார்ந்தால் தெருவே வந்து பேசும். பன்னிரண்டாவது மாடியில் அப்பா யாரோடு பேசுவார்?

நாற்பது விநாடி ஓடியதே அவருக்குத் தெரியவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் இலக்கணம் இடித்தது. டீ ஆறிப்போயிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றேன். "இப்ப 'ஹேவிங்' இல்லாம."