பஞ்சத்தில் கைகொடுத்த சூரியகாந்திக் கிழங்கு

சூரியகாந்தி என்றதும் பூவும் விதையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வினத்திலே கிழங்குக்காகப் பயிரிடப்படும் செடியொன்றும் உண்டு. வட அமெரிக்காவில் இயற்கையாக வளரும் அதனை ஆங்கிலேயர் 'ஜெருசலேம் ஆட்டிச்சோக்' என்பர். ஜெருசலேம் நகருக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சூரியகாந்தியைக் குறிக்கும் 'ஜிராசோலே' என்னும் இத்தாலியச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பது பலரின் கருத்தாகும்.

ஐரோப்பியர் வருமுன்னரே அமெரிக்கப் பழங்குடியினர் இதனைப் பயிரிட்டு உண்டனர். 1605ஆம் ஆண்டில் சாமுவேல் டி சாம்பிளேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவர்களது தோட்டங்களில் இதனைக் கண்டார். ஐரோப்பியர் விரும்பியுண்ணும் ஆட்டிச்சோக் என்ற பூமொட்டின் சுவையை இக்கிழங்கு ஒத்திருப்பதாக அவர் எழுதிவைத்தார். சில ஆண்டுகளில் அது பிரான்சையும் அடைந்தது.

இதனை வளர்ப்பது எளிது. வெயில் நன்கு படுவதும் நீர் தேங்காததுமான நிலத்தில், இளவேனிற் காலத்தில், 4 அங்குல ஆழத்திலே கிழங்கை நடுவர். செடி 6 முதல் 10 அடி வரை ஓங்கி, கோடையின் பிற்பகுதியில் மஞ்சட் பூக்களைச் சொரியும். உறைபனியால் செடி கருகிய பின்னரே கிழங்கைத் தோண்டுதல் நன்று. குளிர்பட்ட கிழங்கில் இனிப்பு மிகும். பார்வைக்கு அது இஞ்சியைப் போன்றிருக்கும். மண்ணில் எஞ்சிய சிறு துண்டும் மறு ஆண்டு முளைக்குமாதலால், ஒருமுறை நட்டவர் மீண்டும் நடவேண்டியதில்லை. ஆயின், வேண்டாமென்று களையவும் எளிதில் இயலாது. ஆதலால் தோட்டத்தின் ஓரத்திலே தனியிடம் ஒதுக்குவதே அறிவுடைமை.

கிழங்கை அவித்தும் வாட்டியும் சூப்பாக்கியும் உண்பர். இதில் மாச்சத்துக்குப் பதிலாக இனுலின் என்னும் பொருள் மிகுந்துள்ளது. அது வயிற்றில் வாயுவை உண்டாக்குமாகையால், முதன்முறை உண்போர் சிறிதளவே உண்ணல் வேண்டும்.

1940 முதல் 1944 வரை ஜேர்மானியர் பிரான்சை ஆண்ட காலத்தில் உருளைக்கிழங்கு கிடைத்தற்கரியதாயிற்று. அந்நாளில் எண்ணற்ற குடும்பங்களின் பசியைத் தணித்தவற்றுள் இக்கிழங்கும் ஒன்று. போர் ஓய்ந்ததும், உண்டு சலித்த மக்கள் அதனைக் காணவும் விரும்பவில்லை. 1970களின் தட்டுப்பாட்டில் மரவள்ளிக்கிழங்கை உண்டு காலங்கழித்த நம் பெரியோர் இவ்வெறுப்பை நன்கு உணர்வர்.

இன்றோ, பிரான்சின் உணவுச்சாலைகளில் அக்கிழங்கு மீண்டும் இடம்பெற்றுள்ளது. பாட்டனார் பசிக்காக உண்டதைப் பேரப்பிள்ளைகள் சுவைக்காக உண்கின்றனர். அப்பசியின் கதையையும் அவர்கள் கேட்டறிவார்களாயின், பந்தியில் உள்ள உணவின் அருமை அவர்களுக்குத் தானே விளங்கும்.