முடக்குவாத ஊசியும் ரத்தக்குழாய் அழற்சியும்

முடக்குவாதம் உழைப்பின் களைப்பால் வருவதன்று. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காப்புச் சக்தி வழிதவறித் தன் மூட்டுகளையே தாக்குவதால் விளைவது. அத்தாக்குதலைத் தூண்டும் டி.என்.எப். என்னும் புரதத்தை அடக்கும் மருந்தை, 1992-ல் லண்டனில் பெல்டுமன், மெய்னி என்ற அறிஞர்கள் முதன்முதலாக முடக்குவாத நோயாளிகளுக்கு அளித்தனர். இன்பிளிக்சிமாப், எட்டனர்செப்ட், அடலிமுமாப் என்பன இவ்வகை ஊசிகள். உயிரணுக்களில் வளர்த்தெடுக்கப்படுவதால் உயிரியல் மருந்துகள் எனப்படுகின்றன. குனிந்து நாற்று நட இயலாதிருந்தோர்க்கும் இவற்றால் நலம் கிட்டுகிறது.

எனினும், அரிதாகச் சிலருக்கு இவ்வூசிகளாலேயே சிறு ரத்தக்குழாய்களின் சுவரில் அழற்சி உண்டாகிறது. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே செந்நிறப் புள்ளிகளாக அது வெளிப்படும். கருத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் புள்ளி மறையாது. வயலில் நிற்பவர் இதனைப் பூச்சிக்கடி என்றோ உடற்சூடு என்றோ எண்ணி எதையேனும் பூசிவிடக் கூடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மருந்து மட்டுமல்ல, முடக்குவாதமும் ரத்தக்குழாய்களைத் தாக்கவல்லது. நோய் கண்டு 10 ஆண்டுகளுக்கு மேலானவர்களிடமும் பீடி, சுருட்டு பிடிப்பவர்களிடமும் இது மிகுதி. காரணம் மருந்தாயின் அதனை நிறுத்த வேண்டும். பெரும்பாலோர்க்கு அழற்சி தணிந்துவிடும். காரணம் நோயாயின் சிகிச்சையை வலுப்படுத்த வேண்டும். அதற்கு ரிட்டுக்சிமாப் என்ற மற்றோர் உயிரியல் மருந்தே பயன்படுவதும் உண்டு. தோலில் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தும், ரத்தம், சிறுநீர் ஆகியவற்றை ஆராய்ந்தும் டாக்டர் முடிவு செய்வதை, நோயாளி திண்ணையில் அமர்ந்து தீர்மானிக்க இயலாது. தாமாக ஊசியை நிறுத்துவோரும், நிறுத்திவிடுவார்களோ என அஞ்சிப் புள்ளிகளை மறைப்போரும் ஒருங்கே இடர்ப்படுவர்.

பாதம் மரத்துத் தொங்குதல், விரல்நுனி கருத்தல், ஆறாப் புண், சிறுநீரில் ரத்தம் ஆகியவை காணின் அன்றே ஆஸ்பத்திரி செல்லல் வேண்டும். அன்றாடக் கூலியை இழக்க அஞ்சி நாள் கடத்துவோர் உண்டு என்பதை நாம் அறிவோம்; அத்தகையோர்க்கு வண்டிவசதி செய்து தருதல் பஞ்சாயத்து அங்கத்தினர்களால் இயலாத காரியமன்று. ஊசியின் பெயரும் கடைசியாகப் போட்டுக்கொண்ட தேதியும் குறித்த சீட்டை நோயாளி தவறாமல் கையோடு கொண்டு செல்லட்டும்.