விசுவாசமும் கூலியும்: ஒரு லேவியனும் சில விளையாட்டு வீரரும்

திண்டுக்கல் வட்டாரத்தில் இளைஞரிடையே ஊழியம் செய்யும் ஆயர் எவரும் கிரிக்கெட்டைப் புறக்கணித்தல் இயலாது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் போட்டிகள் நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடைபெற்றுள்ளன. 2024இல் திண்டுக்கல் டிராகன்ஸ் அணி வாகை சூடியது. தம்மை வளர்த்த அமைப்பை விட்டு, மிகுதியான பணத்திற்காகப் போட்டி அமைப்பிற்குச் செல்லும் வீரர் துரோகியா என வாலிபர் வினவினால், நாம் யாது கூறுவோம்? பண ஆசையைக் கடிந்துரைத்து முடித்தல் எளிது. வினாவோ அத்துணை எளிதன்று.

1977இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி அதிபர் கெரி பேக்கர், தாம் நாடிய ஒளிபரப்பு உரிமை மறுக்கப்பட்டமையால், தனிப்போட்டித் தொடர் அமைத்தார். அதிற் சேர்ந்தோரைத் தடைசெய்தல் முறையற்ற தொழில்தடை என அவ்வாண்டே லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007இல் நம் நாட்டில் இந்தியன் கிரிக்கெட் லீக் எழுந்தது. ஹேமங் பதானி ஆடிய சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அவ்வாண்டு இருபது ஓவர்க் கோப்பையை வென்றது. கிரிக்கெட் வாரியம் அதிற் சேர்ந்தோரை விலக்கிவைத்தது. கபில் தேவ் தேசிய கிரிக்கெட் அகாடமியின் தலைமையை இழந்தார். ஆனால் 2008இல் அதே வாரியம் தன் ஐ.பி.எல். போட்டிக்கு வீரரை ஏலமிட்டது! 2009இல் விலகி வந்தோருக்கு மன்னிப்பு வழங்கியது. 21 வயதில் விலக்கப்பட்ட அம்பாட்டி ராயுடு 2013இல் இந்திய அணியில் ஆடினார்.

நியாயாதிபதிகள் 17, 18ஆம் அதிகாரங்களில் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. மீகா என்பவன் ஆண்டுக்குப் பத்து வெள்ளிக்காசும் உடையும் உணவும் பேசி ஒரு லேவியனை ஆசாரியனாக அமர்த்தினான். பின்னர் தாண் கோத்திரத்தார், ஒரு வீட்டினும் ஒரு கோத்திரத்திற்கு ஆசாரியனாயிருத்தல் மேலன்றோ என அழைத்தபோது, அவன் மனமகிழ்ந்து சென்றான். மீகாவின் விக்கிரகங்களையும் எடுத்துச் சென்றான். நாம் லேவியனை மட்டும் கடிந்துகொள்கிறோம். ஆயின் மீகாவின் ஆலயம் களவுபோய் மீண்ட வெள்ளியால் அமைந்தது; களவாடியவனும் அவனே. லேவியனை வைத்துத் தனக்கு நன்மை தேடினான். பணத்தால் பிணைத்தவன், பணத்தால் இழந்தபோது ஓலமிட்டான். இருவரிடத்தும் உடன்படிக்கையின் உண்மை இல்லை.

கிறிஸ்தவத் தமிழில் ‘விசுவாசம்’ கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கையைக் குறிக்கும். உலக வழக்கிலோ எசமானுக்குக் காட்டும் பற்றுறுதியையும் குறிக்கும். இவ்விரண்டையும் குழப்புதல் ஆபத்தானது. நிறுவனங்கள் கடவுளுக்குரிய விசுவாசத்தைத் தமக்கெனக் கோருவதற்கு அது வழி திறக்கும்.

கூலி பெறுதலைத் திருமறை எங்கும் இழிவாக்கவில்லை. ஊழியன் கூலிக்குப் பாத்திரன் என்பது ஆண்டவரின் போதனை. பவுல் கொரிந்தியரிடத்துத் தம் உரிமையைத் துறந்தார். ஆனால் துறக்குமுன் அதனை உரிமையென நிலைநாட்டினார். யோவான் 10இல் கூலியாள் கண்டிக்கப்படுவது கூலி பெற்றமைக்கன்று. ஓநாய் வரும்போது ஆடுகளை விட்டோடியமைக்கே. எனவே, ‘எவ்வளவு பெற்றான்?’ என்பதன்று உண்மையான வினா. ‘யாரை ஓநாயின்முன் விட்டுச் சென்றான்?’ என்பதே. அணி மாறிய வீரர் இச்சோதனையில் பெரும்பாலும் குற்றமற்றவராகவே நிற்பார். நாம் நிற்போமோ?

நம் சமவெளிச் சிற்றூர்களில் சொற்ப ஊதியத்தில் சபைகளைக் காத்துவரும் உபதேசியார் பலர் உளர். அவருள் ஒருவர் பள்ளி வேலைக்கோ வேறொரு சபைக்கோ சென்றால் ‘அழைப்பை மறந்தார்’ என்கிறோம். நகரத்துப் பெரிய சபைக்கு நாம் மாற்றம் பெற்றாலோ அதனை ‘தேவசித்தம்’ என்கிறோம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதியது வயலறுத்தோரைக் குறித்து மட்டுமன்று.

ஆகவே விசுவாசத்தைப் பிரசங்கிக்குமுன் இரண்டு காரியங்களை ஆராய்வோமாக. உபதேசியாரின் ஊதியம் தக்க அளவிலும் உரிய நாளிலும் சேர்ந்ததா? நமக்குப் புதிய அழைப்பு வருங்கால், நாம் விட்டுச்செல்லும் மந்தையை யார் காப்பார்? இவற்றிற்கு விடைகண்ட பின்னரே, வினவிய வாலிபருக்கு மறுமொழி கூறும் தகுதி நமக்கு உண்டாகும்.