தலைக்கு வைக்கும் எண்ணெயில் வாசனைத் தைலம்: துளியாய் அளந்து சேர்ப்போம்

வீட்டிலே தலைக்கு எண்ணெய் காய்ச்சுவது நமது குடும்பங்களுக்குப் புதிய வேலையல்ல. தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை, செவ்வரத்தம்பூ, கையாந்தகரை, நெல்லிக்காய், வெந்தயம் என்று கைக்கு எட்டியதைப் போட்டுக் காய்ச்சி வடித்து வைப்போம். சொந்தக் காணியை விட்டு வந்து வேறிடத்தில் இருப்பவர்களுக்கு இந்த மரஞ்செடிகள் நின்ற வளவு இப்போது இல்லை. அதனால் கடையில் விற்கும் சிறு குப்பித் தைலங்களை வாங்கிச் சேர்க்கத் தோன்றுகிறது. வாசனை சேர்த்த எண்ணெயை அயலில் விற்று நாலு காசு தேடவும் முடியும். இது நல்ல முயற்சியே. ஆனால் தைலத்தின் குணத்தை அறிந்து செய்ய வேண்டும். அறியாமற் செய்தால் முதலிற் பாதிக்கப்படுபவர்கள் நமது சிறு பிள்ளைகளே.

பெயர் ஒன்று, குணம் வேறு

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் உண்ணவும் பூசவும் ஏற்றவை. யூக்கலிப்டஸ், கராம்பு, கறுவா, சிற்றனெல்லா ஆகியவற்றின் தைலங்கள் அப்படியானவை அல்ல. பெருந்தொகையான இலையையோ பூமொட்டையோ பட்டையையோ நீராவியில் வடித்து எடுக்கும் செறிந்த சாறுகள் இவை. இரண்டையும் ஒவ்வொரு துளி கடதாசியில் விட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெயின் கறை அப்படியே நிற்கும். தைலத்தின் பெரும்பகுதி ஆவியாகிப் பறந்துவிடும். இவ்வளவு செறிந்த பொருளைக் கலக்காமல் தலையிற் பூசினால் தோல் எரியும், சிவக்கும், கொப்பளிக்கும்.

தலைமயிரைக் காப்பது எது?

2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மயிரிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆகவே வேலை செய்வது அடி எண்ணெய். தைலம் பெரும்பாலும் வாசனைக்கே. தைலம் வாங்கக் காசில்லாவிட்டால் எதையும் இழந்துவிட்டதாக எண்ண வேண்டாம். கூடுதலாக ஊற்றினால் மயிர் கூடுதலாக வளரும் என்பதும் சரியல்ல.

எவ்வளவு சேர்க்கலாம்?

ஏறத்தாழ 20 துளி 1 மில்லிலீற்றர் ஆகும். பாணி மருந்துடன் வரும் 5 மில்லிலீற்றர் கரண்டியால் 20 தரம் அளந்தால் 100 மில்லிலீற்றர் எண்ணெய் கிடைக்கும். அந்த 100 மில்லிலீற்றருக்கு:

1. வளர்ந்தோருக்கு: எல்லாத் தைலமும் சேர்த்து 20 துளிக்கு மேற்படக் கூடாது. 10 துளியே வாசனைக்குப் போதும்.
2. கராம்புத் தைலம், கறுவா இலைத் தைலம்: 5 துளிக்கு மேல் வேண்டாம்.
3. கறுவாப் பட்டைத் தைலம்: தலைக்கு வேண்டவே வேண்டாம். தோலை மிகவும் தாக்கும்.
4. சிறு பிள்ளைகள், கர்ப்பிணித் தாய்மார், இழுப்பு நோயுள்ளவர்கள்: தைலம் சேர்க்காத எண்ணெயே நல்லது.

தேசிக்காய்த் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு தோட்டத்தில் வெயிலில் நின்றால் நெற்றியிலும் கழுத்திலும் கொப்பளம் போடலாம். வெயிலில் வேலை செய்வோர் அதைத் தவிர்க்க வேண்டும்.

கற்பூரமும் மண்ணெண்ணெயும்

பேனுக்கும் பொடுகுக்கும் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பிள்ளைகளுக்கு இதைச் செய்யாதீர்கள். கற்பூரம் தோலினூடாகவும் உடலிற் சேரும். விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். 1 கிராம் அளவே ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததாக மருத்துவப் பதிவு உண்டு. மண்ணெண்ணெயைத் தலையிற் பூசுவதும் ஆபத்து. அடுப்பு, விளக்கருகே தீப்பற்றும். பேனுக்குத் தலையை நனைத்து, எண்ணெய் தடவி, பேன் சீப்பால் சில நாட்களுக்கு ஒருமுறை இரண்டு மூன்று கிழமைக்கு வாரியெடுப்பதே பாதுகாப்பான வழி.

செய்யும் முறை

இலை, பூவைக் கழுவி ஈரம் போக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், பின்பு பூஞ்சணமும் பிடிக்கும். மெல்லிய நெருப்பில், குமிழி அடங்கும் வரை காய்ச்சி இறக்கி, துணியால் வடியுங்கள். அடுப்பை அணைத்து, எண்ணெய் நன்றாக ஆறிய பின்பே தைலத்தைத் துளியாகச் சேருங்கள். சூடான எண்ணெயில் விட்டால் வாசனை பறந்துவிடும். அந்த ஆவி தீப்பற்றக்கூடியதும் ஆகும். காய்ந்த கண்ணாடிப் போத்தலில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

முதன்முறை பாவிக்கும்போது முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி ஒரு நாள் முழுவதும் பாருங்கள். கடியோ சிவப்போ இல்லாவிட்டால் தலைக்கு வைக்கலாம்.

விபத்து நேர்ந்தால்

தைலக் குப்பியை மருந்துப் போத்தல்களுடனோ சோடாப் போத்தலில் ஊற்றியோ வைக்காதீர்கள். ஒரே அறையில் எல்லோரும் வாழும் வீட்டில், முகட்டருகே தொங்கும் மூடிய பெட்டியே அதற்கு ஏற்ற இடம். யூக்கலிப்டஸ் அல்லது கராம்புத் தைலம் ஒரு தேக்கரண்டியளவு உள்ளே போனாலும் குழந்தைக்குப் பேராபத்து. குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். தைலம் சுவாசப்பைக்குள் போகும். குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவி வைத்தியரிடம் காட்டுங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

போத்தலில் ஒரு கடதாசி ஒட்டி, என்னென்ன சேர்த்தீர்கள், எத்தனை துளி, எந்தத் திகதியில் செய்தீர்கள் என்று எழுதுங்கள். "குடிக்கக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்" என்றும் எழுதுங்கள். மயிர் வளரும், வழுக்கை மாறும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் செய்யும் எண்ணெயை மக்கள் நம்பி மறுபடியும் வாங்குவார்கள். புதிய இடத்தில் ஒரு சிறு தொழில் நிலைக்க அந்த நம்பிக்கைதான் முதல்.