முற்றத்துப் புல்லும் கிணற்று நீரும்

நம் சங்கக் குடும்பங்கள் எங்கே கூடினாலும் இப்போது ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. “முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்துவிட்டோம், புல் தொல்லை ஒழிந்தது” என்கிறார்கள். எனக்கு இதில் மனம் ஒப்புவதில்லை. தகுந்த கருவி ஒன்று வீட்டில் இருந்தால் புல் ஒரு தொல்லையே அல்ல. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் குடியிருப்பது நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் குளத்தூர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, எங்கள் தாலுக்கா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் பேருந்துப் பலகையில் எழுத்து மாறும், மழை மாறாது. இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஆகவே ஆண்டில் பாதிக்குமேல் புல் விடாமல் வளரும்.

முன்பு வீட்டில் பசு இருந்தது. புல்லை அரிவாளால் அறுத்துத் தொழுவத்தில் போட்டால் வேலை முடிந்தது. இன்று தொழுவம் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, வீட்டில் வயதான இருவர் மட்டும். புல் வெட்ட ஆளும் எளிதில் கிடைப்பதில்லை. அதனால்தான் கல் பதிக்கிறார்கள்.

ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 50 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு நாளில், மூன்று சென்ட் முற்றத்தில் மட்டும் 6,000 லிட்டர் விழுகிறது. புல்தரை அதில் நல்ல பங்கை மண்ணுக்குள் இறக்கும். கெட்டிப்படுத்திப் பதித்த கல் பெரும்பகுதியைத் தெருவுக்கு அனுப்பிவிடும். மாசி, பங்குனியில் கிணறு வற்றி, லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

இனி கருவிக்கு வருவோம். இடத்தின் அளவு, சரிவு, வேலை செய்பவரின் வயது ஆகிய மூன்றையும் பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டு மூன்று சென்ட் சமதரைக்குக் கையால் தள்ளும் உருளைக் கத்தி மெஷின் போதும். இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்னும் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் கம்பளித் துணியின் மேற்பிசிறை வெட்டும் யந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாம். கத்தரிக்கோலைப் போல வெட்டுவதால் புல்லின் நுனி கிழியாது. பெட்ரோல் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஆனால் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டால் இது வேலை செய்யாது. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை ஓட்டியே ஆக வேண்டும்.

ஐந்து சென்டுக்கு மேல் என்றால் சுழல் கத்தியுள்ள மின்சார மோவர் நல்லது. வயர் உள்ளதை வாங்கினால், கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்று முதலில் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். வயர் எப்போதும் முதுகுப் பக்கம் கிடக்க வேண்டும். பாட்டரியில் ஓடுவது விலை கூடுதல். ஆனால் வயரை மிதிக்கும் பயம் இல்லாததால் முதியவர்களுக்குச் சௌகரியம்.

ரப்பர்த் தோட்டங்களில் தோளில் மாட்டி ஓட்டும் பிரஷ் கட்டரைத்தான் நம்மில் பலர் முற்றத்துக்கும் அழைக்கிறோம். சரிவிலும் வேலியோரத்திலும் அதற்கு ஈடில்லை. முற்றத்துப் புல்லுக்கு அது ஏற்றதல்ல. மண் தெரிய மழித்துவிடும். அடுத்த மழையில் செம்மண் கரைந்து ஓடும். எங்கள் தெருவில் ஒருமுறை அதிலிருந்து தெறித்த கல், நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை உடைத்தது. அங்கே ஒரு குழந்தை நின்றிருந்தால்? ஓட்டுபவருக்குக் கண்ணாடியும் ஷூவும் கட்டாயம். மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். கூலிக்கு வருபவரிடம் கண்ணாடி இல்லையென்றால் நாமே ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். கண்ணுக்கு விலை உண்டா?

வெட்டுவதில் முக்கியமான விதி ஒன்றுதான். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. தென்னை நிழலிலும் வளரும் அகன்ற இலை எருமைப் புல்லை நான் 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துகிறேன். உயரம் விட்டால் வேரும் ஆழப் போகும், களைகளுக்கும் வெயில் கிடைக்காது. நல்ல வெயில் கிடைக்கும் இடத்து அருகம்புல்லை இன்னும் கொஞ்சம் தாழ்த்தலாம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது புல் மண்டிக் கிடந்தால், ஒரே நாளில் மழிக்காமல் சில நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாகக் குறையுங்கள்.

ஈரப் புல்லை வெட்டாதீர்கள். அது மெஷினில் அப்பிக் கொள்ளும், காலும் வழுக்கும். இடவப்பாதியில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் பிற்பகலே நமக்கு வாய்த்த நேரம். ஒவ்வொரு முறையும் திசையை மாற்றி ஓட்டினால் சக்கரத் தடம் விழாது. வெட்டிய மறுநாள் நுனிகள் பழுத்து நார் நாராகத் தெரிந்தால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். மின்னிணைப்பைக் கழற்றிய பிறகே சாணைக்குக் கொடுக்கக் கத்தியைத் தொடுங்கள். சிறு துணுக்குகள் அங்கேயே கிடக்கட்டும், அவை மட்கி உரமாகும். குவியலாக விழுந்ததை வாரித் தென்னை மூட்டில் போடலாம்.

“புல் இருந்தால் பாம்பு வருமே” என்பார்கள். பாம்பு ஒளிவது வளர்ந்த புதரிலும் விறகு, ஓட்டுக் குவியலிலும்தான். ஒழுங்காக வெட்டிய புல்லில் அது தூரத்திலேயே கண்ணில் படும். அப்படிப் பட்டால் அடிக்கப் போக வேண்டாம். கேரள வனத்துறை 2020இல் தொடங்கிய ‘சர்ப்ப’ செயலி வழியாகப் பயிற்சி பெற்றவர்களை அழைக்கலாம்.

வாரத்துக்கு அரை மணி நேர வேலை இது. கல் பதிக்க முன்பணம் கொடுக்குமுன், உங்கள் முற்றம் எத்தனை சென்ட் என்று அளந்து, கோடையில் கிணற்றில் எத்தனை தொடி வரை தண்ணீர் நிற்கிறது என்றும் எட்டிப் பாருங்கள்.