டி.என்.ஏ.வில் விழும் முடிச்சை அவிழ்ப்பது யார்?

ஆசிரியர்களே, டி.என்.ஏ. என்றாலே மாணவர்களுக்கு முறுக்கிய ஏணிதான் நினைவுக்கு வரும். ஆனா அது எப்போதும் அப்படியே இருப்பதில்லை. குவானின் நிறைந்த இடங்களில் ஓர் இழை தன்மேலேயே மடியும். நான்கு நான்கு குவானின்கள் சதுரமாகச் சேர்ந்து அடுக்காக நிற்கும். நடுவே பொட்டாசியம் அயனி அதை இறுக்கிப் பிடிக்கும். இதுதான் ஜி-குவாட்ருப்ளெக்ஸ். சென்னையில் பிறந்த கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் சங்கர் பாலசுப்பிரமணியனின் குழு, 2013-இல் இதை மனித உயிரணுக்களுக்குள்ளேயே காட்டியது.

இது எழுத்துப்பிழை இல்லை. எழுத்துகள் சரியாகவே இருக்கும்; வடிவம்தான் வழியை மறிக்கும். படியெடுக்கும் நொதி அங்கே முட்டி நிற்கும்போது, ஹெலிகேஸ் நொதிகள் ஏ.டி.பி. ஆற்றலைச் செலவழித்து மடிப்பைப் பிரிக்கும். பிரிக்க முடியாமல் இழை அறுந்தால்தான் ஒட்டும் நொதிகளுக்கு வேலை. பி.எல்.எம். என்ற ஹெலிகேஸ் பழுதானால் புளூம் நோய் வரும்: வளர்ச்சி குன்றும், இளம் வயதிலேயே புற்றுநோய் அபாயம் கூடும்.

போர்ட் கிள்ளான் பிள்ளைகளுக்குக் கப்பல் கட்டும் கயிறு புதிதில்லை. வகுப்புக்கு ஒரு நூல் போதும். அதில் சிறு மணியைக் கோத்து, நடுவே தளர்வாக முடிச்சுப் போடுங்க. மணியை நகர்த்தச் சொன்னா முடிச்சில் நின்னுடும். “இப்போ தேவை கத்தரிக்கோலா, விரலா?” என்று கேளுங்க. விரல்தான் ஹெலிகேஸ்.

ஒன்று மட்டும் கவனம்: எல்லா முடிச்சும் கெடுதல்னு சொல்லிடாதீங்க. சில மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துவதில் இவற்றுக்கும் பங்குண்டு.