சாலையோரச் சாட்சிகள் – 17: கடலில் மிதந்த பை

இந்த வாரம் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் இருக்கும் டச்சுக் கல்லறைக் கற்களைப் படிப்பதாகப் பேச்சு. சாலையோரத்தில் நிற்பவற்றைப் படிக்கும் இந்தத் தொடரில், மைல்கல், சுமைதாங்கி எல்லாம் முடித்துத் தொல்லியல் துறையின் நீலப் பலகைக்கு வந்து நிற்கிறோம். கல்லறைக்குள் நுழையும் முன், டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையை ஏன் பறிகொடுத்தார்கள் என்று ஒரு பத்தியில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தப் பத்தி வாரத்தையே விழுங்கிவிட்டது.

புதுப்பட்டினத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் கோட்டை. நீலப் பலகைகள் ஊருக்கு ஊர் ஒரே பல்லவியைத்தான் பாடும்: 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை. சட்டம் பிறந்தபோது மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ என்று இருந்ததை 2010இல் இரண்டு ஆண்டு, ஒரு லட்சம் வரை உயர்த்தினார்கள். தண்டனை தெரிகிறது; இங்கே என்ன நடந்தது என்பதுதான் தெரிவதில்லை. அமெரிக்காவில் இது தலைகீழ். வர்ஜீனியா மாநிலம் 1927லேயே நெடுஞ்சாலை ஓரங்களில் உலோகப் பலகை நடத் தொடங்கிவிட்டது, காரில் போகிறவன் கண்ணிலும் படட்டும் என்று. இந்தத் தளபதி இங்கே முகாமிட்டார், அந்தப் படை இந்த ஆற்றைக் கடந்தது என்று ஒன்றையும் விடமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் சுதந்திரப் போருக்குப் பலகை நடாமல் விட்ட இடம் ஒன்று உண்டென்றால், அது நம் சதுரங்கப்பட்டினம்.

சிரிக்க வேண்டாம். ஹென்றி லாரன்ஸ் என்று ஒருவர். அமெரிக்கப் புரட்சிக்காரர்களின் காங்கிரஸுக்குத் தலைவராக இருந்தவர். 1780இல் டச்சுக்காரர்களிடம் கடன் கேட்க ஹாலந்துக்குக் கப்பலேறினார். செப்டம்பரில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று மடக்கியது. லாரன்ஸ் தம் காகிதங்களைப் பையில் போட்டுக் கட்டிக் கடலில் எறிந்தார். பை மூழ்கியிருக்க வேண்டும். மூழ்கவில்லை! போட்ட பாரம் போதாமல் மிதந்தது. ஆங்கிலேய மாலுமி ஒருவன் கொக்கி போட்டு இழுத்தான். உள்ளே, 1778இல் ஜெர்மனியின் ஆகன் நகரில் எழுதப்பட்ட அமெரிக்க – டச்சு ஒப்பந்த வரைவு. வரைவுதான், யாரும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் அல்ல. லண்டனுக்கு அது போதுமானதாக இருந்தது. புரட்சிக்காரர்களோடு டச்சுக்காரர்கள் நடத்திய வியாபாரத்தில் ஏற்கெனவே எரிச்சல். பை நல்ல சாக்கு. 1780 டிசம்பரில் ஹாலந்து மீது போர் அறிவித்தார்கள். லாரன்ஸைக் கொண்டுபோய் லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள்.

செய்தி சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்ததும் டச்சுக் கொடிகள் வரிசையாக இறங்கின. 1781இல் சதுரங்கப்பட்டினம் போனது, பழவேற்காடு போனது, நாகப்பட்டினம் போனது. இந்தக் கரையில் மஸ்லின் வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தவர்களின் கோட்டை, உலகத்தின் மறுகோடியில் ஒரு பைக்குப் பாரம் போதாததால் கைமாறியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அடுத்த பிப்ரவரி 17ஆம் தேதி, 1782. அமெரிக்கர்களோடு கைகோத்திருந்த பிரெஞ்சுக்காரர்களின் கப்பற்படையை சஃப்ரேன் கொண்டுவந்தார். எதிரே ஆங்கிலேயத் தளபதி எட்வர்டு ஹ்யூஸ், 9 போர்க்கப்பல்களுடன். சதுரங்கப்பட்டினத்துக்கு நேரே கடலில் பிற்பகல் முழுக்க பீரங்கிச் சண்டை. எக்ஸெட்டர் என்ற ஆங்கிலேயக் கப்பல் சல்லடையாகி, அதன் கேப்டன் மேல்தளத்திலேயே மாண்டார். மாலையில் காற்று திசை மாறியதும் சண்டை ஓய்ந்தது. வெற்றி யாருக்கும் இல்லை. ஹ்யூஸ் திருகோணமலைக்குப் பழுதுபார்க்கப் போனார். சஃப்ரேன் பரங்கிப்பேட்டைப் பக்கம் போய் ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்த மைசூர் ஹைதர் அலிக்கு உதவப் படைவீரர்களை இறக்கினார். அமெரிக்கக் கொடி ஒன்றுகூடப் பறக்காத இந்தச் சண்டையும் அமெரிக்கச் சுதந்திரப் போரின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

ஹைதர் பெயர் வந்துவிட்டது, இதைச் சொல்லாமல் எப்படி நகர்வது? பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் வணிகக் கப்பல்களுக்குக் காவலாக ஒரு கப்பலை ஆயுதம் ஏற்றி இறக்கினார்கள். பெயர்: ஹைதர் அலி! ஆங்கிலேயரை அடிப்பவன் எங்கிருந்தாலும் நம்மவன் என்ற கணக்கு. 1782 ஏப்ரல் 8, டெலவேர் வளைகுடா. ஜோஷுவா பார்னி என்ற 22 வயது கேப்டன், தன்னைவிடப் பலமான ஜெனரல் மங்க் என்ற ஆங்கிலேயக் கப்பலை எதிர்த்தார். சுக்கான் பிடிப்பவனிடம் முன்கூட்டியே, நான் உரக்கக் கத்துவதற்கு நேர் எதிராகத் திருப்பு என்று சொல்லி வைத்திருந்தாராம். கத்தியதைக் கேட்ட எதிரி ஏமாந்து வந்து மாட்டிக்கொண்டது. அரை மணிக்குள் முடிந்தது. நான்காம் நாள், ஏப்ரல் 12, சஃப்ரேனும் ஹ்யூஸும் இலங்கைக் கிழக்குக் கரையில் மறுபடி மோதினார்கள். இங்கே ஹைதருக்காக பிரெஞ்சுக் கப்பல்கள், அங்கே ஹைதர் பெயரில் அமெரிக்கக் கப்பல். நம் பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

முடிவும் நம் கரையில்தான். 1783 ஜூன் 20, கடலூருக்கு எதிரே ஹ்யூஸின் 18 கப்பல்களும் சஃப்ரேனின் 15 கப்பல்களும் பொருதின. அதற்கு ஐந்து மாதம் முன்பே, ஜனவரியில், ஐரோப்பாவில் பூர்வாங்கச் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. தகவல்தான் வந்து சேரவில்லை. ஜூன் கடைசியில் சமாதானக் கொடி கட்டிய கப்பல் கடலூர் வந்த பிறகே பீரங்கிகள் நின்றன. அமெரிக்கப் போரின் கடைசிச் சண்டை எது என்று கேட்டால் பல வரலாற்றாசிரியர்கள் கடலூரைக் காட்டுகிறார்கள். கடலூர் சில்வர் பீச்சில் சுண்டல் சாப்பிடுகிறவர்களில் யாருக்குத் தெரியும்?

சமாதானத்துக்குப் பின் டச்சுக்காரர்களுக்குச் சதுரங்கப்பட்டினம் திரும்பக் கிடைத்தது, நாகப்பட்டினம் கிடைக்கவில்லை. ஆங்கிலேயரோடு செய்த 1824 ஒப்பந்தத்தில் மிச்சமும் போனது. இது அடுத்த வாரத்துச் சமாசாரம்.

அடுத்த வாரம் கல்லறைகள், உறுதி. ஆனால் சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கும் மாநில நெடுஞ்சாலை 58 திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகிறது. 1780 செப்டம்பரில் ஹைதரிடம் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அழிந்ததைக் கேட்டு, இன்னொரு ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோ கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு ஓடிவந்தது செங்கல்பட்டுக்குத்தான். பெய்லி தோற்ற புள்ளலூரில் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு நட்ட நினைவுத் தூண்கள் வயலோரம் நிற்கின்றன. அவற்றை ஒரு பத்தியில் முடித்துக்கொண்டு கோட்டைக்குள் போய்விடலாம்.